மேஜர் மாப்பிள்ளைக்கு வைத்த பேனர்

நூம்பல் துலுக்கானத்துக்குப் பேனர் வைக்கப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. பொங்கலுக்கு வைப்பார், தலைவர் பிறந்தநாளுக்கு வைப்பார், தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் அந்தப் பிள்ளையின் படத்தைச் சின்னதாகவும், கைகூப்பி நிற்கும் தன் படத்தைப் பெரிதாகவும் போட்டு வைப்பார். ரோட்டில் வைத்தால் வழக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், வேலப்பன்சாவடியிலிருந்து ஊருக்குள் திரும்பும் முனையில் இருந்த தன் சொந்த மனையிலேயே இரும்புச் சட்டம் அடித்து நிரந்தர ஏற்பாடு செய்துகொண்டார். அவர் தொழில் மனை வாங்கி விற்பது. அந்த ஒரு மனையை மட்டும் இன்றுவரை விற்காததற்கு அதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதை அவருடைய தங்கை தாட்சாயிணியைப் பற்றியது. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஜாதகம் சரியில்லை என்றார்கள். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். வேண்டுமென்று யாரும் கெடுதல் செய்யவில்லை, வெறுமனே மறந்துபோனார்கள். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

ஆத்திரத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காரும் ஆளும் இல்லை அவள். வீட்டின் பின்கட்டில் கிரைண்டர்களைப் போட்டு இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டாரத்தில் புதிதாக முளைத்திருக்கும் அடுக்குமாடிகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் அவள் மாவில்தான் காலையைத் தொடங்கினார்கள். நல்ல பெண்கள்தான். ஆனால் எவளாவது ஒருத்தி, பாக்கெட்டை வாங்கிக்கொண்டே, "உங்களுக்கு எத்தனை பசங்க அக்கா?" என்று கேட்டுவிடுவாள். கல்யாணமே ஆகவில்லை என்றதும் கேட்டவள் முகம் ஒரு மாதிரி குழையும். அந்த 'ஐயோ பாவம்' முகம் இருக்கிறதே, அதை மட்டும் தாட்சாயிணியால் தாங்கிக்கொள்ள முடியாது. வசவைக்கூட வாங்கிக்கொள்வாள்.

மேஜர் நிர்மல் குமார் அப்படிக் கேட்கவில்லை. மாவு வியாபாரத்துக்காக அவள் பேஸ்புக்கில் வைத்திருந்த பக்கத்தில் அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. 'நான் காஷ்மீர் எல்லையில் இருக்கிறேன். இங்கே குளிரில் மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?' கம்பளி போர்த்தி அடுப்புப் பக்கமாக வையுங்கள் என்று இவள் பதில் போட்டாள். மறுநாள், 'போர்த்தினேன், பொங்கி வந்துவிட்டது, நன்றி' என்று வந்தது. எல்லையில் நிற்கிற மனுஷனுக்குக் கிரைண்டர் ஏது, உளுந்து ஏது என்று அவள் யோசிக்கவில்லை. அவள் கைப்பக்குவத்தைக் கேட்டு நடந்து, நடந்ததைச் சொல்லி, நன்றியும் சொன்ன முதல் ஆண் அவர். யோசிக்க எங்கே தோன்றும்?

அதன்பிறகு தினமும் பேச்சுதான். பேச்சு என்றால் எழுத்து. முகாமில் கட்டுப்பாடு அதிகம், வீடியோவில் வர முடியாது, குரலும் கூடாது என்று மேஜர் சொல்லிவிட்டார். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், அப்பா அம்மா இல்லை, நாட்டுக்கே வாழ்க்கையைக் கொடுத்ததில் கல்யாண வயது கடந்துவிட்டது. ஒரே ஒரு போட்டோ அனுப்பினார். பனிமலைக்கு முன்னால் துப்பாக்கியோடு நிற்கிறார், இடது புருவத்தில் சின்னத் தழும்பு, அளவெடுத்தது போன்ற மீசை. 'அன்பே, உணவருந்தினாயா?' என்று புத்தகத்தில் எழுதுகிற மாதிரி கேட்பார். நூம்பலில் அப்படி யாரும் யாரையும் கேட்டதில்லை. பட்டாளத்தில் ஒழுங்கு அதிகம், அதான் பேச்சிலும் ஒழுங்கு என்று தாட்சாயிணி எடுத்துக்கொண்டாள். கல்யாணம் என்று அவரே சொன்ன அன்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆடி பிறந்தது, பணமும் வந்தது பேச்சில். கல்யாணத்துக்கு நீண்ட விடுப்பு வேண்டுமானால் தனக்குப் பதிலாக வருகிற ஆளுக்குக் கட்டணம் கட்ட வேண்டுமாம். எல்லையில் இருப்பதால் அவருடைய பாங்க் கணக்கு முடங்கிக் கிடக்கிறதாம். ஊருக்கு வந்த மறுநாளே திருப்பித் தந்துவிடுவாராம். தாட்சாயிணி பெரிய கிரைண்டர் வாங்கச் சேர்த்திருந்த பணம் கையில் இருந்தது. கொடுப்பதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவள் பரம்பரை பரம்பரையாக நூம்பலில் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். ஆடியில் நல்ல காரியத்துக்குப் பணம் எடுப்பாளா? ஆவணி பிறந்ததும் போடுகிறேன் என்று எழுதினாள். ராணுவத்துக்கு ஆடி ஆவணி கிடையாது அன்பே என்று அவர் கெஞ்சினார், கோபித்தார், ஒருநாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்தார். 'உங்களுக்கு இல்லாங்காட்டி போவுது, எனக்குக் கீது' என்று பதில் போட்டுவிட்டு அவள் மாவு ஆட்டப் போனாள்.

யாரிடமும் சொல்லாதே என்பது மேஜரின் உத்தரவு. தாட்சாயிணி அண்ணி பார்வதத்திடம் மட்டும் சொன்னாள், அதுவும் பண விஷயத்தை விட்டுவிட்டு. பார்வதத்துக்கு ரகசியம் என்றால் ஒரே ஒருவரிடம் சொல்வது. அந்த ஒருவர் துலுக்கானம். அவருக்கு ரகசியம் என்றால் பேனர்.

துலுக்கானத்தையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. தங்கையை மறந்த குற்றம் அவர் நெஞ்சில் எங்கோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அரை கிரவுண்டு மனை என்றாலும் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத மனுஷர், மாப்பிள்ளை மேஜர் என்றதும் ஒரு விசாரணையும் இல்லாமல் உருகிப்போனார். தங்கையின் போனிலிருந்து மனைவி மூலமாகப் போட்டோவைச் சுட்டார். சுதந்திர தினம் வேறு வருகிறது. ஒரு பெரிய பேனர் அடித்து முனையில் ஏற்றிவிட்டார். 'நாட்டைக் காக்கும் வீரரே, எங்கள் வீட்டைச் சிறப்பிக்க வருக! நூம்பலின் வருங்கால மருமகன் மேஜர் நிர்மல் குமார் அவர்களை வாழ்த்தி வணங்கும் மைத்துனர் துலுக்கானம்.' பக்கத்தில் தாட்சாயிணியின் படம், பெயரோடு, வட்டத்துக்குள்.

மாவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அதைப் பார்த்த தாட்சாயிணி ஸ்கூட்டரை ஓரம் கட்டி நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய் அண்ணன் அண்ணி இருவரையும் ஒரு பிடி பிடித்தாள். ஆனாலும் மறுநாள் மாவு கொடுக்கப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் வாழ்த்து. காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முகமும் குழையவில்லை. தாட்சாயிணி அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவித்தாள். தேவையில்லாமல் இரண்டு தடவை முனைப்பக்கம் வண்டியை விட்டாள் என்பதும் உண்மை.

ஆடிக் கடைசி ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மறுநாள் ஆவணி பிறக்கிறது. அண்ணனும் அண்ணியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் தாட்சாயிணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, விடிந்ததும் பாங்கில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கிய பெண் கேட்டைத் திறந்த விதமே சரியில்லை.

"இந்த ஊட்ல தாட்சாயிணின்றது யாரு?"

"நான்தான். நீங்க?"

"பேனர்ல போட்டுக்கீறியே ஒரு மேஜரு, அவரு பொண்டாட்டி."

தாட்சாயிணியின் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. அதற்குள் பைக்கை நிறுத்திவிட்டு ஓட்டிவந்த ஆளும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். தலையில் பாதி வழுக்கை, சட்டைப் பித்தான்களைச் சோதிக்கிற தொப்பை. ஆனால் அதே மீசை, இடது புருவத்தில் அதே தழும்பு. முகமெல்லாம் வியர்த்திருந்தது. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது ராதிகா, எங்கம்மா மேல சத்தியம் என்று முனையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்ததையே திரும்பவும் சொன்னார். முத்தாபுதுப்பேட்டைக்காரர், பெயர் நாகேந்திரன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று இப்போது ஆவடியில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. ராதிகாவின் சித்தி வீட்டுக்குக் கூழ் குடிக்க வந்த வழியில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்த அவர் பார்க்கவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவள் பார்த்துவிட்டாள். தன் புருஷன் இன்னொருத்திக்கு மாப்பிள்ளையாக ஆளுயரத்துக்கு மேலே நிற்பதை.

அந்த மனிதர் தன்னைப் பார்த்த பார்வையிலேயே தாட்சாயிணிக்குப் பாதி புரிந்துவிட்டது. வழி கேட்டு வந்தவன் பார்க்கிற பார்வை அது. இருந்தாலும் மிச்சப் பாதிக்காகக் கேட்டாள்.

"நீங்க ஊட்ல மாவு புளிக்க வெப்பீங்களா?"

"நானா?" என்று விழித்தார் நாகேந்திரன். "எங்க ஊட்ல பாக்கெட் மாவுதாம்மா."

ராதிகா அவரை முறைத்தாள். தாட்சாயிணி உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். நீயே படித்துப் பார் என்றாள். ராதிகா நின்றபடி படிக்கத் தொடங்கி, நாற்காலியில் உட்கார்ந்து படித்து, கடைசியில் முந்தானையால் விசிறிக்கொண்டே படித்தாள். முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. புருஷனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி புருஷனைப் பார்த்தாள்.

"இது இவரு இல்ல," என்றாள் தீர்மானமாக. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாப்டியான்னு இவரு ஒரு வாட்டி கேட்டதில்ல. அன்பேவாம்."

நாகேந்திரனுக்கு விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் இதற்கு வருத்தப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தப் பனிமலைப் போட்டோவைக் கல்யாண நாளுக்கென்று தானே பேஸ்புக்கில் போட்டதை ராதிகா ஒப்புக்கொண்டாள். எந்தப் படுபாவியோ அதை எடுத்துத்தான் இத்தனை வேலை செய்திருக்கிறான். அவள் கையில் இருக்கும்போதே போன் மணி அடித்தது. புதுச் செய்தி. ராதிகா சத்தமாகவே வாசித்தாள். 'அன்பே, நாளை ஆவணி. பணத்தை மறந்துவிடாதே.'

சரியாக அந்த நேரம் பார்த்துக் கூழ்ப் பாத்திரத்தோடு துலுக்கானமும் பார்வதமும் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை நேரில் வந்துவிட்டார் என்று துலுக்கானம் கை கூப்பியதும், யாரும் கூப்பாததும், பிறகு ஒவ்வொன்றாக விஷயம் வெளிவந்ததும் பெரிய கூத்து. பணம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பார்வதம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

தாட்சாயிணி அழுதாள். பணம் பிழைத்தது என்று ஆறுதல் சொன்னார்கள், அவள் பணத்துக்கு அழவில்லை. அந்த ஆளுக்காகக்கூட அழவில்லை, இல்லாத ஆளுக்கு எவ்வளவு நேரம் அழ முடியும்? நாளைக்குக் காலையில் அத்தனை மாடியும் ஏற வேண்டும். அத்தனை கதவும் திறக்கும். அத்தனை முகமும் குழையும். அதை நினைத்துத்தான் அழுதாள். ராதிகா நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சண்டை போட வந்தவள் என்பதையே மறந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தாட்சாயிணிக்கு ஒரு வேகம் வந்தது. வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். நாகேந்திரன் கையில் கிண்ணத்தோடு நடுவில், ராதிகா ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக நின்று அண்ணனை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். அதை மேஜருக்கு அனுப்பி, கீழே எழுதினாள். 'நீங்க எங்க ஊட்லதான் கூழு குடிச்சிக்கினு கீறீங்க. சம்சாரமும் கூட கீறாங்க. லீவு எப்பிடிக் கெடச்சிது?' மறுமுனையில் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. கொஞ்ச நேரத்தில் மேஜரின் படம் காணாமல் போனது, கணக்கும் காணாமல் போனது. நாகேந்திரன் புரையேறச் சிரித்தார். தாட்சாயிணியும் சிரித்தாள். சைபர் போலீசுக்குப் போன் போட்டு விவரம் சொல்வதை அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது முனையில் நின்ற பேனர். இருட்டினதும் சத்தமில்லாமல் இறக்கிவிடுகிறேன், கேட்டால் மாப்பிள்ளையைத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் துலுக்கானம். அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்ட பார்வதம், அதைவிட நல்ல யோசனையாக ஒன்று சொன்னாள்.

"பேசாம எல்லைல வீரமரணம்னு சொல்லிட்லாம்."

நாகேந்திரன் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். ராதிகா தாலியைத் தொட்டுக்கொண்டு, அது மட்டும் வேண்டாம் என்று கறாராகச் சொன்னாள்.

தாட்சாயிணி இரண்டையும் யோசித்துப் பார்த்தாள். பேனரை இறக்கினால் மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பார்கள். செத்துப்போனார் என்றால் ஆயுசுக்கும் ஐயோ பாவம்தான், அதிலும் அண்ணன் வருஷா வருஷம் நினைவஞ்சலி பேனர் வைப்பார். எதைச் சொன்னாலும் பிறர் கண்டுபிடிக்க ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. கண்டுபிடித்த பிறகுதானே அந்த முகம் வருகிறது. நடந்ததை அப்படியே பேனராகப் போட்டுவிடலாம் என்றாள்.

துலுக்கானம் பதறிப்போனார். தன் வீட்டுப் பெண் ஏமாந்த கதையைத் தானே ஊருக்குக் கட்டித் தொங்கவிடுவதா, கட்சிக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நியாயம் பேசினார். கடைசியில் குரல் இறங்கி, உன்னைப் பார்த்துச் சிரிப்பார்களே தாட்சா என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"சிரிச்சா சிரிக்கட்டும் அண்ணாத்தே, நானும் கூட சேந்து சிரிக்கிறேன்," என்றாள் தாட்சாயிணி. "பொய்க்கு அவ்ளோ பெரிய பேனர் வெச்சியே. நெஜத்துக்கு ஒண்ணு வெக்க மாட்டியா?"

துலுக்கானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினார். நாகேந்திரனிடம் படத்தைப் போட அனுமதி கேட்டார்கள். இத்தனை வருஷ சர்வீசில் கிடைக்காத பதவியை ஒரு திருடன் கொடுத்தான், இருந்தாலும் மேஜர் வேண்டாம், ஹவில்தார் என்றே போடுங்கள் என்றார் அவர். ராதிகா தன் படமும் பக்கத்தில் வர வேண்டும் என்றாள், நல்ல பட்டுப்புடவையில் எடுத்ததை அங்கேயே அனுப்பியும் வைத்தாள். புறப்படும்போது நாகேந்திரன் முனையில் வண்டியை நிறுத்தி, தன் பழைய உருவத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். ராதிகா பிறகு சொன்னது.

ஆவணி முதல் நாள் மத்தியானம் புதுப் பேனர் ஏறியது. 'இவர் முத்தாபுதுப்பேட்டை ஹவில்தார் நாகேந்திரன், ஓய்வு. அருகில் இருப்பவர் இவர் மனைவி. இவர் பேஸ்புக்கில் யாரையும் காதலிக்கவில்லை. இவர் படத்தைக் காட்டி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். இப்படிக்கு, கொடுக்க இருந்த தாட்சாயிணி.' கீழே அவள் போன் நம்பர். கைகூப்பி நிற்கும் துலுக்கானம் வழக்கமாக இருக்கிற இடத்தில் அன்றைக்குத் தாட்சாயிணி இருந்தாள். அவர் பேனரில் அவர் படம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மாடிகளில் சிரித்தார்கள். தாட்சாயிணி ஒவ்வொரு வாசலிலும் முழுக் கதையையும் சொன்னாள், வீரமரணத்தோடு சேர்த்து. ஓரிரண்டு முகங்கள் குழையப் பார்த்தன, ஆனால் அவள் சொன்ன விதத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. யாரோ பேனரைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட, அது அம்பத்தூர், ஆவடி, மாங்காடு என்று ஊர் சுற்றியது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், ஸ்கூட்டரில் மாவுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தபோது புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஆர்டர் என்று நினைத்து எடுத்தாள். ஒரு பெண், படித்த குரல், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல அடக்கிப் பேசினாள். அம்பத்தூரில் இருக்கிறாளாம், கம்பெனி ஒன்றில் பெரிய வேலையாம். பேனரில் இருக்கிறவர் அவளிடம் தன் பெயர் கேப்டன் பிரசன்னா என்று சொன்னாராம். ஏற்கனவே ஒரு தடவை பணம் அனுப்பிவிட்டாள், இன்றைக்கு மறுபடியும் அனுப்ப இருந்தாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, செத்துப்போகலாம் போல அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

தாட்சாயிணி கூடையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு வண்டியில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னாத்துக்கும்மா அசிங்கம்? நீ உள்ளுக்குள்ள ஏமாந்த. நான் பேனர் வெச்சி ஏமாந்தேன். இப்ப இன்னா, வியாபாரம் பாத்துக்கினு நல்லாத்தானே கீறேன்? பணம் கிணம் அனுப்பாத. ஊட்டு அட்ரஸ் சொல்லு, வரேன். வரும்போது அவரு பொண்டாட்டியையும் இட்டாரேன். நல்ல மாதிரி, உனுக்குப் புடிக்கும்."